அக்கரையில் அழகர், இக்கரையில் அடியவர்

புரட்டாசி பிறந்துவிட்டால் சுந்தரபாண்டியத்துப் பெரியவர் ஒருவரின் கண்கள் தாமாகவே மேற்கு நோக்கித் திரும்பிவிடும். ஊருக்கு வெளியே வயல்வெளியில் நின்று பார்த்தால், மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு பெரிய திருமதிலைப் போல வடக்கும் தெற்குமாக நீண்டு கிடக்கும். வடமேற்கில் சதுரகிரி, அங்கே சுந்தர மகாலிங்க சுவாமி. தென்மேற்கில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பு. அங்கே காட்டுக்குள் சுந்தரராஜப் பெருமாள். அடியவர்கள் அவரைக் காட்டழகர் என்றே அன்போடு அழைக்கிறார்கள். மதுரை அழகர்மலையைப் போலவே இங்கும் நூபுர கங்கை என்ற பெயரில் தீர்த்தம் உண்டு.

பெரியவர் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது 76. நாற்பது ஆண்டுகளாகப் புரட்டாசிச் சனிக்கிழமை ஒன்றில் காட்டழகரைச் சேவிக்காமல் இருந்ததில்லை. கையில் ஒரு துளசி மாலை, தூக்குவாளியில் துணைவியார் கையால் செய்த அக்காரவடிசில், வாயில் கோவிந்த நாமம். இவ்வளவுதான் அவருடைய யாத்திரைக்கான ஏற்பாடு.

சென்ற ஆண்டு அந்த வழக்கம் தடைப்பட்டது. இதயக் குழாயில் அடைப்பு ஏற்பட்டு, மதுரையில் ஸ்டென்ட் பொருத்தினார்கள். இந்த ஆண்டு மருத்துவர் நடக்க அனுமதி தந்தார். ஆனால் மூன்று நிபந்தனைகள் விதித்தார். மெதுவாக நடக்க வேண்டும். மூச்சு வாங்கினால் உடனே நின்றுவிட வேண்டும். ஒருபோதும் தனியே செல்லக் கூடாது.

பெங்களூரிலிருந்து மகளும் மருமகனும் தசரா விடுமுறைக்காகப் பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். பேத்திக்குப் பதினொரு வயது, பேரனுக்கு ஏழு. பெரியவரின் மனத்தில் ஒரு கவலை இருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. துணைவியாருக்கு மட்டும் சொல்லாமலே தெரியும். ‘இந்த வழி எனக்குத் தெரியும். எனக்குப் பிறகு இந்த வீட்டில் யாருக்குத் தெரியும்? இந்த ஆண்டு குழந்தைகளை அழைத்துச் சென்று காட்டாவிட்டால், நாற்பது ஆண்டு வழக்கம் என்னோடு முடிந்துபோகும்’ என்பதே அந்தக் கவலை.

ஆகவே ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை விடியற்காலையில் ஆறு பேரும் வேனில் புறப்பட்டார்கள். கிருஷ்ணன்கோவில் கடந்து ஸ்ரீவில்லிபுத்தூரை நெருங்கியபோது, 192 அடி உயர ராஜகோபுரம் இளவெயிலில் தெரிந்தது. பெரியவர் வண்டியை நிறுத்தச் சொல்லி, கீழே இறங்கிக் கைகூப்பினார். “ஆண்டாளிடம் சொல்லிக்கொண்டுதான் அழகரிடம் போக வேண்டும்” என்றார். புரட்டாசி பிரம்மோற்சவத்தில் திருப்பதிப் பெருமாளுக்கும், சித்திரைத் திருவிழாவில் மதுரைக்கு எழுந்தருளும் கள்ளழகருக்கும் ஆண்டாள் சூடிக்களைந்த மாலை இங்கிருந்துதான் செல்கிறது என்பதைப் பிள்ளைகளுக்கு ஆச்சி எடுத்துச் சொன்னார்.

செண்பகத்தோப்பில் வனத்துறைச் சோதனைச் சாவடி. பைகளைப் பார்த்த ஊழியர்கள் பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிகளையும் தின்பண்டப் பொட்டலங்களையும் எடுத்து வைக்கச் சொன்னார்கள். மருமகனுக்குச் சற்று மனத்தாங்கல். “கோயிலுக்குப் போகிறவர்களிடம் இவ்வளவு சோதனையா, மாமா?” என்று கேட்டார்.

பெரியவர் சிரித்தார். “கர்ப்பக்கிருகத்துக்குள் செருப்போடு போவோமா, மாப்பிள்ளை? இங்கே காடே கர்ப்பக்கிருகம். அவர்கள் வாசல் காப்பவர்கள்” என்றார்.

அது வெறும் பேச்சு அன்று. சாம்பல் நிற மலை அணிலைக் காப்பதற்காக 1988ஆம் ஆண்டில் சுமார் 485 சதுர கிலோமீட்டர் பரப்பு இங்கே சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் மேகமலைச் சரணாலயத்தையும் இணைத்து ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் உருவாயிற்று. தமிழகத்தின் ஐந்தாவது புலிகள் காப்பகம் இது. பரப்பு ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். வைகை பிறப்பதும் இந்த மலைத்தொடரின் வருசநாட்டுப் பகுதியில்தான். சித்திரையில் கள்ளழகர் எந்த ஆற்றில் இறங்குகிறாரோ, அந்த ஆற்றுக்கு நீர் தரும் தாய்மடி இந்தக் காடு. காடு வற்றினால் வைகை வற்றும். வைகை வற்றினால் அழகர் மணலில்தான் இறங்க வேண்டும். இதை எண்ணிப் பார்க்கும் அடியவர் எவரும் காட்டில் ஒரு காகிதத்தைக்கூடப் போட மாட்டார்.

தோப்புகளைத் தாண்டியதும் பாதை மரநிழலுக்குள் புகுந்தது. பெரியவர் கைத்தடியை ஊன்றி நிதானமாக நடந்தார். ஐம்பது அடி நடப்பார், நிற்பார், மூச்சை நிதானப்படுத்திக்கொண்டு மீண்டும் நடப்பார். முன்னாட்களில் ஒரே மூச்சில் கோயிலை அடைந்துவிடுகிறவர் அவர். இப்போது அடிக்கடி நிற்க வேண்டியிருப்பது அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் பிள்ளைகளுக்கு அந்த நிறுத்தங்களே பெரும் பேறாக அமைந்தன.

முதல் நிறுத்தம் ஒரு பெரிய மருத மரத்தடியில். வெளுத்த வழவழப்பான அடிமரத்தைத் தடவியபடி பேத்தி அண்ணாந்து பார்த்தாள். உச்சிக் கிளையில் இலைகளும் சுள்ளிகளும் பின்னிய ஒரு பெரிய உருண்டை தெரிந்தது. “தாத்தா, அது காக்கைக் கூடா?”

பெரியவர் மெல்லச் சொன்னார்: “இல்லையம்மா. அசையாமல் நின்று பார்.”

சற்று நேரத்தில் கிளை அசைந்தது. சாம்பல் பூத்த உடல். உடலளவுக்கு நீண்ட அடர்ந்த வால். வீட்டு முற்றத்து அணிலைவிடப் பல மடங்கு பெரிய ஒன்று கிளையில் படுத்துக் கீழே நிற்பவர்களைக் கண்டது. பிறகு தாவி அடுத்த மரத்துக்குப் போயிற்று. உலகில் தென்னிந்தியாவின் சில காடுகளிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் உயிரினம் அது. அந்த அணில் தரையில் இறங்குவது மிக அரிது. மரத்துக்கு மரம் கிளைகள் தொட்டுக்கொண்டிருந்தால்தான் அதனால் இரை தேட முடியும்; கூடு கட்ட முடியும். நடுவில் நான்கு மரங்களை வெட்டிவிட்டால் அதன் உலகம் இரண்டாகப் பிளந்துவிடும்.

“சேதுவுக்கு மண் சுமந்த அணிலின் உறவா, ஆச்சி?” என்றான் பேரன். “மலையில் இருக்கும் பெரியப்பா என்று வைத்துக்கொள்” என்றார் ஆச்சி. எல்லாரும் சிரித்தார்கள்.

இரண்டாவது நிறுத்தத்தில் இன்னொரு காட்சி கிடைத்தது. முந்தைய நாள் மழையில் நனைந்த மண்ணில் குங்குமத்தைத் துளித்துளியாகச் சிந்தியதுபோல் ஏதோ செக்கச்செவேல் என்று நகர்ந்துகொண்டிருந்தது. பேரன் குனிந்து பார்த்துக் கூவினான். பட்டுத்துணியில் செய்ததுபோன்ற சிறு பூச்சிகள். ஊர்ப்புறத்தில் தம்பலப்பூச்சி என்பார்கள். மண்ணுக்குள் வாழ்ந்து, மழை பெய்த பின் சில நாட்கள் மட்டும் வெளியே வரும்.

ஆச்சி அப்படியே நின்றுவிட்டார். “இதற்கு இந்திரகோபம் என்று பெயர். நாச்சியார் திருமொழியில் ஆண்டாள் இதைப் பாடியிருக்கிறாள். அழகரின் திருமாலிருஞ்சோலை எங்கும் இது பரவிக் கிடப்பதைப் பார்த்து ஏங்குகிறாள். குயில், மயில், களாக்கனி, கருவிளைப் பூ, காயாம்பூ எல்லாம் அவன் நிறத்தைக் கொண்டு தன்னை வருத்துவதாக அவற்றிடமே முறையிடுகிறாள். அறுபது ஆண்டுகளாக அந்தப் பாசுரங்களைச் சேவிக்கிறேன். ஆனால் இந்திரகோபத்தை இவ்வளவு அருகில் நின்று பார்த்தது இன்றுதான்” என்றார்.

பெரியவர் திகைத்தார். நாற்பது ஆண்டுகளாக அதே பாதையில் நடந்தவர் அவர். அந்தச் சிவப்புப் புள்ளிகளை எத்தனை முறை தாண்டிச் சென்றிருப்பாரோ! கோயிலை நோக்கிய வேகத்தில் அவை கண்ணில் பட்டதே இல்லை. நோய் தந்த நிதானம்தான் இன்று நின்று பார்க்க வைத்தது.

அதன் பிறகு நிற்க வேண்டியிருந்தபோதெல்லாம் அவர் வெட்கப்படவில்லை.

ஓடையை அடைந்தபோது காலை ஒன்பது மணி. பாறைகளுக்கிடையே நீர் கணுக்கால் அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் சென்ற சிலர் ‘கோவிந்தா’ என்று சொல்லிக்கொண்டே கடந்துகொண்டிருந்தார்கள். வானத்தில் வெயில். பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டினார். பேரனின் கையைப் பற்றினார்.

அப்போது கரையில் உட்கார்ந்திருந்த ஒரு முதியவர் எழுந்து வந்தார். அந்தக் காட்டையே வாழிடமாகக் கொண்ட பளியர் குடியைச் சேர்ந்தவர். தேனும் கிழங்கும் தேடி அந்த மலையின் ஒவ்வொரு சரிவையும் அறிந்தவர்கள் அவர்கள். “சாமி, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இன்றைக்கு அக்கரை போக வேண்டாம்” என்றார்.

“ஏன்? தண்ணீர் கணுக்காலுக்குத்தானே இருக்கிறது?”

“நீங்கள் வருவதற்கு முன்னால் தெளிவாக இருந்தது, சாமி. இப்போது பாருங்கள், கலங்கி வருகிறது. பச்சை இலையும் சுள்ளியும் மிதந்து வருகின்றன. உச்சியையும் பாருங்கள்.”

எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். தலைக்கு மேல் வானம் நீலமாக இருந்தது. ஆனால் தொலைவில் மலைமுகட்டைக் கருமேகம் மூடியிருந்தது.

“இங்கே மழையே இல்லையே, பிறகு எப்படித் தண்ணீர் வரும்?” என்று பேரன் கேட்டான்.

“உச்சியில் பெய்தால் போதும், தம்பி. பாறைச் சரிவு தண்ணீரைத் தேக்கி வைக்காது. சரிவுகளில் விழும் மழையெல்லாம் இந்த ஒரே ஓடைக்குத்தான் வந்து சேரும். இங்கே வெயில் அடிக்கும்போதே அங்கிருந்து புறப்பட்டு வந்துவிடும். போகும்போது கணுக்காலுக்கு இருந்தது, திரும்பும்போது இடுப்புக்கு வந்துவிட்டால் இந்தக் குழந்தைகளை எப்படிக் கடத்துவீர்கள்?”

பெரியவர் பேசவில்லை. நாற்பது ஆண்டு வழக்கம். சென்ற ஆண்டு விட்டுப்போனது. அடுத்த ஆண்டு உடல் எப்படி இருக்குமோ, யார் அறிவார்? கோயில் அக்கரைக் காட்டுக்குள்தான் இருக்கிறது. ‘இத்தனை ஆண்டு காத்தவன் இன்று மட்டும் கைவிடுவானா?’ என்று வாய்விட்டே சொல்லிவிட்டார்.

துணைவியார் அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: “கைவிட மாட்டான். அதனால்தான் இந்தப் பெரியவரைக் கரையில் உட்கார வைத்திருக்கிறான்.”

பெரியவரின் நினைவில் 2015ஆம் ஆண்டு வந்து நின்றது. அந்த மே மாதத்தில் அமாவாசை வழிபாட்டுக்காகச் சதுரகிரிக்குச் சென்றவர்கள் திடீர்க் காட்டாற்று வெள்ளத்தில் சிக்கினார்கள். பக்தர்கள் சிலர் உயிரிழந்தார்கள். அவர்களும் பக்தியில் குறைந்தவர்கள் அல்லர். ஓடைக்கு நம்முடைய நேர்த்திக்கடன் தெரியாது. அது தன் இயல்பில் ஓடுகிறது. அந்த இயல்பையும் படைத்தவன் இறைவனே. அதை அறிந்து நடப்பது அவன் கட்டளைக்கு அடங்குவதே தவிர, நம்பிக்கைக் குறைவு ஆகாது.

அவர் வேட்டியை அவிழ்த்து விட்டார். பேரனின் கையை விடாமல், கரையிலிருந்து நன்றாக விலகி மேட்டில் இருந்த ஒரு பாறைக்கு எல்லாரையும் அழைத்துச் சென்றார்.

அங்கே துளசி மாலையை ஒரு வாழையிலையில் வைத்து, அக்காரவடிசில் தூக்கைத் திறந்து, காட்டழகர் இருக்கும் திசையை நோக்கி ஆறு பேரும் கைகூப்பினார்கள். பெரியவரின் கண்கள் கலங்கியிருந்தன. “பெருமாளே, வாசல் வரை வந்தும் உள்ளே வர முடியவில்லையே” என்றார்.

பேத்தி அவர் அருகில் வந்து அமர்ந்தாள். “தாத்தா, நேர்ந்துகொண்டது பாதியில் நின்றால் சாமி கோபித்துக்கொள்ளுமா?”

அதற்குப் பதில் சொல்லப் பெரியவரால் இயலவில்லை. ஆச்சிதான் சொன்னார்: “ஆண்டாளும் அழகருக்கு ஒன்று நேர்ந்துகொண்டாள், கண்ணு. நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் சமர்ப்பிப்பதாகச் சொன்னாள். வாயால் சொன்னாளே தவிர, அவளால் கையால் படைக்க முடியவில்லை. அவள் அரங்கனோடு கலந்துவிட்டாள். பல தலைமுறைகளுக்குப் பிறகு ராமாநுஜர் வந்தார். அந்தப் பாசுரத்தைப் படித்து, அவள் சார்பில் திருமாலிருஞ்சோலை அழகருக்கு அத்தனையையும் படைத்தார். பிறகு அவர் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தபோது, ஆண்டாள் அவரை ‘அண்ணா’ என்று அழைத்தாளாம். அதனால்தான் ராமாநுஜருக்குக் கோயில் அண்ணன் என்று பெயர். ஒருவர் நேர்ந்ததை இன்னொருவர் முடித்து வைக்கலாம். அழகருக்கு அது சம்மதம்.”

பேத்தி சற்று யோசித்தாள். “அப்படியென்றால் தாத்தா விட்ட இடத்திலிருந்து நான் போகலாமா?” என்று கேட்டாள்.

பெரியவர் அவள் தலையில் கை வைத்தார்.

அக்காரவடிசிலைப் பளியர் முதியவருக்கு முதலில் கொடுத்துவிட்டு, பின்னர் எல்லாரும் உண்டார்கள். மரத்திலிருந்து இறங்கி வந்த குரங்குகளுக்கு ஒரு கவளம் போடலாம் என்று மகள் எழுந்தபோது முதியவர் தடுத்தார். மனிதச் சோற்றின் ருசி கண்ட குரங்கு காட்டுக் கனியைத் தேடாது. வழியில் வருவோரின் பையைத்தான் தேடும். இலையையும் மடித்துத் தூக்கினுள் வைத்துக்கொண்டார்கள். அவர்கள் அமர்ந்த பாறையில் ஒரு பருக்கைகூட மிச்சம் இல்லை.

திரும்பும் வழியில் மற்றொரு செய்தி காத்திருந்தது. சோதனைச் சாவடியில் இளைப்பாறிக்கொண்டிருந்தபோது, காலையில் ஓடையைக் கடந்தவர்கள் திரும்பி வந்தார்கள். ஓடையில் நீர் சற்றே உயர்ந்து பிறகு வடிந்துவிட்டதாம். வெள்ளம் வரவில்லை. நல்ல தரிசனம் என்று சொல்லி, துளசியும் பிரசாதமும் கொடுத்துவிட்டுச் சென்றார்கள்.

மருமகன் மெல்லச் சொன்னார்: “நாமும் போயிருக்கலாமோ, மாமா?” பெரியவரின் மனமும் ஒரு கணம் அப்படித்தான் நினைத்தது. ஆனால் கையில் இருந்த துளசியைக் கண்களில் ஒற்றிக்கொண்டு அவர் நிதானமாகப் பதில் சொன்னார்: “வெள்ளம் வராததால் நாம் திரும்பியது தவறாகிவிடாது, மாப்பிள்ளை. வரும் என்பதற்கு அடையாளம் இருந்தது. கையில் குழந்தைகள் இருந்தார்கள். அந்த நேரத்தில் எது சரியோ அதைச் செய்தோம். நாம் அவரிடம் போகவில்லை. அவர் துளசியாக நம்மிடம் வந்துவிட்டார்.”

அன்றிரவு சுந்தரபாண்டியத்து வீட்டில் பேத்தி ஒரு நோட்டுப் புத்தகத்தில் படம் வரைந்துகொண்டிருந்தாள். சாவடி, மருத மரம், அதன் உச்சியில் அணில் கூடு, இந்திரகோபங்கள் ஊர்ந்த இடம், ஓடை, மேட்டுப் பாறை என்று வரிசையாக வழியைக் குறித்திருந்தாள். ஓடையின் இக்கரையில் ஒரு புள்ளி வைத்து, ‘இதுவரை தாத்தா’ என்று எழுதியிருந்தாள். அக்கரையில் ஒரு கோபுரம் வரைந்து, அதுவரை புள்ளிகளால் கோடிட்டு, ‘இனி நான்’ என்று எழுதியிருந்தாள். பெரியவர் அதைப் பார்த்தார். ஓராண்டாக மனத்தில் இருந்த பாரம் இறங்கியது. வழக்கம் அவரோடு முடியப் போவதில்லை.

மலைக்கோயில்களுக்குச் செல்ல விரும்பும் முதியோர்கள் இதை மனத்தில் கொள்வது நல்லது. எந்த நாளில், எந்த நேரம் வரை அனுமதி உண்டு என்பதை வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டறியுங்கள். விடியலில் புறப்பட்டு வெயில் சாய்வதற்குள் காட்டைவிட்டு வெளியே வந்துவிடுங்கள். மருந்தை மறவாமல் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இளையவர் ஒருவரேனும் உடன் வரட்டும். ஓடை நீர் கலங்கினாலும், இலையும் சுள்ளியும் அடித்து வந்தாலும், மலைமுகடு கறுத்தாலும் தயங்காமல் திரும்பிவிடுங்கள். எத்தனை தொலைவு நடந்தோம் என்ற கணக்கு இறைவனுக்குத் தேவையில்லை. முடிந்தவரை நடந்து, நின்ற இடத்தில் கைகூப்பி, மீதி வழியைப் பிள்ளைகளின் கையில் ஒப்படைத்துவிட்டால் அதுவே நிறைவான யாத்திரை. அந்தப் பிள்ளைகள் வரும்போது மருத மரமும், அதில் அணிலும், ஓடையில் நீரும் இருக்கும்படி விட்டுவைப்பதும் நம்முடைய நேர்த்திக்கடனே.

காட்டழகர் திருவடிகளே சரணம்.